முதியோரின் தளர்ந்த இருதயம்: செவிலியர் காண்பனவும் வீட்டார் காண வேண்டுவனவும்

பிணி தீர்க்கும் முயற்சியில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிவோரையும் நான்காவது உறுப்பாக வைத்து எண்ணியவர் திருவள்ளுவர். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இவ்வெண்ணத்தோடுதான் முடிகிறது. பணிபுரிவோர் என்றதும், மருந்தை எடுத்துக் கொடுப்பவர், படுக்கையை விரிப்பவர் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அவரே. ஆதலின் மாறுதலை முதலிற் காணத்தக்கவரும் அவரே. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், நோயாளியை உற்று நோக்குதலுக்கென்றே ஓர் இயலை வகுத்தார்.

உற்று நோக்குதலின் பயன் மிகத் தெளிவாக விளங்கும் நோய்களுள் ஒன்று முதியோருக்கு வரும் இருதயத் தளர்ச்சி. டாக்டர்கள் இதனை ‘ஹார்ட் பெயிலியர்’ என்பர். டில்லி, மும்பை, கொல்கத்தா, புனே முதலிய நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்த தாய் தந்தையர் முதுமையில் மக்களிடம் வந்து தங்குகின்றனர். பழகிய மருத்துவரும் பழகிய மொழியும் ஊரிலேயே நின்றுவிடுகின்றன. இந்நிலையில் நோய் முற்றுவதை உரிய காலத்தில் அறிவது வீட்டாரின் கண்ணையும் செவிலியின் கேள்வியையும் பொறுத்ததாகிறது. செவிலி ஒருவர் இத்தகைய நோயாளியை எவ்வாறு மதிப்பிடுகின்றார் என்பதை நாமும் அறிந்துகொண்டால், அதிற் பாதியை வீட்டிலேயே செய்யலாம்.

தளர்ச்சி என்பது யாது?

பெயரைக் கேட்டு இருதயம் நின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் இருதயம், உடலின் தேவைக்குப் போதிய இரத்தத்தைத் தள்ள இயலாமற் போவதே தளர்ச்சி. நீண்டநாள் இரத்த அழுத்தம், முன்னர் வந்த மாரடைப்பு, பழுதுற்ற வால்வுகள், நீரிழிவு ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். சிலருக்கு இருதயம் வலுவாகச் சுருங்குவதில்லை. வேறு சிலருக்குச் சுருங்கும் வலிமை குறையாதிருந்தும், தசை இறுகிவிட்டமையால் விரிந்து இரத்தத்தை ஏற்பதில்லை. இவ்விரண்டாம் வகை முதிய பெண்களிடம் மிகுதி. எனவே, ‘எக்கோவில் பம்பிங் நன்றாக இருக்கிறதாம்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு நோயே இல்லையென்று முடிவு செய்தல் தவறு.

இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு வாங்கும். வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் நீர் சேரும், ஈரல் வீங்கும், பசி குன்றும். பெரும்பாலான முதியோரிடம் நாளடைவில் இரண்டும் கலந்தே தோன்றும். இரத்தம் குறைவாக வருவதைக் கண்ட சிறுநீரகம், உடலில் நீரே குறைந்துவிட்டதெனக் கொண்டு உப்பையும் நீரையும் இன்னும் தேக்கி வைக்கிறது. உதவிக்கென வந்த இச்செயலே இருதயத்தின் சுமையைப் பெருக்குகிறது. நோய் படிப்படியாக முற்றும் வழி இது.

முதலில் நோக்குவது

நல்ல செவிலி அறைக்குள் நுழையும்போதே மதிப்பீட்டைத் தொடங்கிவிடுகிறார். நோயாளி சாய்ந்து படுத்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை ஊன்றி மூச்சு விடுகிறாரா? ஒரு வாக்கியத்தை முழுதும் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கொரு முறை நிறுத்துகிறாரா? உதடு நீலம் பாரித்துள்ளதா? முகம் வியர்த்துக் கைகள் சில்லிட்டுள்ளனவா? இவற்றுள் ஏதேனும் இருப்பின், நீண்ட விசாரணைக்கு அது நேரமன்று. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடச் செய்து, உடனே மருத்துவரை அழைப்பதே கடமை.

அத்தகைய அவசரம் இல்லாதபோது கேள்விகள் தொடங்குகின்றன. இங்கேதான் முதியோரிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘மூச்சு வாங்குகிறதா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பார்கள். அது பொய்யன்று. மூச்சு வாங்கச் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருப்பார்கள், ஆதலால் வாங்குவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். மகன் வீட்டில், மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் 78 வயது மூதாட்டி ஒருவர். இரத்த அழுத்தமும் இருதயத் தளர்ச்சியும் உடையவர். ‘அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சாப்பாடு குறைந்திருக்கிறது, வாயுத் தொல்லை, வேறொன்றுமில்லை’ என்கிறார் மகன். செவிலி மூதாட்டியிடமே திரும்பி, ‘அம்மா, சென்ற மாதம் செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட வேலை எது?’ என்று கேட்கிறார். விடை மெல்ல வருகிறது. கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. மாடியிலிருந்து இறங்குவதில்லை. குளித்து முடித்ததும் கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்த பிறகே புடவை கட்ட முடிகிறது. இரண்டு வாரமாக இரவில் நாற்காலியிலேயே உறங்குகிறார். மகன் திகைக்கிறார், நாற்காலியில் உறங்குவது தொலைக்காட்சி பார்க்கும் விருப்பத்தால் என்று அவர் எண்ணியிருந்தார்.

இவ்வொரு கேள்வியால் நோயின் படி மாறியது தெளிவாகிறது. நியூயார்க் இருதயச் சங்கத்தார் 1928-இல் வகுத்த முறை இன்றும் வழங்குகிறது. வழக்கமான வேலையில் தொல்லையே இல்லாமை முதற்படி. வழக்கமான வேலையில் மூச்சு வாங்குதல் இரண்டாம் படி. சிறு வேலையிலேயே வாங்குதல் மூன்றாம் படி. ஓய்விலும் வாங்குதல் நான்காம் படி. குளித்ததற்கே களைக்கும் நம் மூதாட்டி மூன்றாம் படியில் நிற்கிறார்.

இவற்றோடு செவிலி கேட்க வேண்டுவன இன்னும் சில. தலைக்கு எத்தனை தலையணை? முன்பு எத்தனை? நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்ததுண்டா? குனிந்து செருப்பு மாட்டும்போது திணறுகிறதா? படுத்ததும் இருமல் வருகிறதா? இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்? பாவாடை நாடாவோ, வேட்டியோ, செருப்போ அண்மையில் இறுகியதா? இக்கேள்விகளுக்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

கையும் காதும் கண்ணும்

அடுத்து உடற்பரிசோதனை. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குதல் இங்கே உதவாது. முதியோரிடம் நாடி தாறுமாறாக ஓடும் ‘ஏட்ரியல் பிப்ரிலேஷன்’ என்னும் கோளாறு அடிக்கடி காணப்படும். தளர்ச்சி திடீரென்று முற்ற அது ஒரு காரணம். அந்நிலையில் மணிக்கட்டு நாடிக்கும் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பு வைத்து எண்ணும் துடிப்புக்கும் வேறுபாடு இருக்கலாம். சுவாசத்தையும் நோயாளி அறியாதவாறு முழு நிமிடம் எண்ணுவர். ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு.

இரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்ற பின் 1-ஆம், 3-ஆம் நிமிடங்களிலும் பார்த்தல் நன்று. நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மருந்து மிகுந்ததோ நீர் வற்றியதோ என்று ஆராய வேண்டும். இரவில் எழுந்து வழுக்கி விழும் முதியோர் பலருக்கு இவ்விறக்கமே காரணம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி இன்று பல வீடுகளில் உண்டு. விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அதன் கணக்குப் பிழைபடும். கருநிறத் தோலில் உண்மையைவிடச் சற்று மிகுத்துக் காட்டுவதும் உண்டு. எண் நன்றாயிருந்து நோயாளி திணறினால், நோயாளியையே நம்ப வேண்டும்.

நோயாளியை 45 பாகை அளவில் சாய்த்து, கழுத்துச் சிரையின் துடிப்பு எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று செவிலி நோக்குவார். மார்பெலும்பின் மேற்பகுதியில் கைக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேல் அது எழுந்து நின்றால், உடலில் நீர் மிகுந்துள்ளது என்பதற்கு அது நல்ல சான்று. பின்னர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பு வைத்துக் கேட்பார். காதருகே மயிரிழைகளை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தாற் போன்ற ஒலி மூச்சை இழுக்கையில் கேட்டால், நுரையீரலில் நீர் இருக்கலாம். நிமோனியாவிலும் இவ்வொலி எழும். ஆதலின் காய்ச்சலும் சளியும் உண்டா என்று ஒப்பு நோக்க வேண்டும்.

காலில், முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கிறதா, வீக்கம் கணுக்காலோடு நின்றதா, முழங்கால் வரை ஏறியதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் வீக்கம் இராமல், இடுப்பின் பின்புறத்தில் நீர் தேங்கும். அங்கே பாராமல் ‘வீக்கம் இல்லை’ என்று எழுதுதல் குறைபாடான மதிப்பீடு. வீங்கிய தோல் மெலிந்து எளிதிற் புண்ணாகும். குதிகாலும் இடுப்பும் நாள்தோறும் பார்க்கப்பட வேண்டும்.

இவற்றைச் சேர்த்துச் செவிலி இரண்டு வினாக்களுக்கு விடை காண்கிறார். உடலில் நீர் தேங்கியுள்ளதா? உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்கிறதா? கைகால் வெதுவெதுப்பாக இருந்து நீர் மட்டும் தேங்கியிருப்பின், பெரும்பாலும் நீரிறக்கும் மருந்தால் தேறுவர். நீரும் தேங்கிக் கைகால்களும் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, அறிவும் மயங்கினால் அது மிக்க அபாய நிலை; வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கதன்று.

முதுமை மறைப்பவை

இளையவரிடம் மூச்சுத் திணறலாகத் தோன்றுவது, முதியவரிடம் வேறு வேடத்தில் வரலாம். திடீரென்று இரவு பகல் தெரியாமல் பேசுதல், உணவை வெறுத்தல், காரணமின்றிச் சோர்தல், விழுதல், பகலெல்லாம் உறங்குதல் ஆகிய இவை மட்டுமே முதல் அடையாளங்களாக இருத்தல் உண்டு. ஓரிரு நாளில் தோன்றிய அறிவு மயக்கத்தை ‘வயதின் மறதி’ என்று தள்ளிவிடலாகாது. மறதி நோய் மாதங்களிலும் ஆண்டுகளிலும் வளரும். நாட்களில் வந்த குழப்பத்திற்கு உடலில் காரணம் தேட வேண்டும்.

எடையும் நம்மை ஏமாற்றும். சதை கரைந்து மெலிந்துவரும் முதியவருக்கு நீர் சேர்ந்தால், எடைக்கருவி மாறாத எண்ணையே காட்டும். முகமும் தோளும் மெலிந்து, வயிறும் காலும் பருத்திருத்தல் இதன் அறிகுறி.

ஏன் முற்றியது?

நோய் முற்றியது என்று அறிவதோடு செவிலியின் பணி முடிவதில்லை. முற்றுவதற்குரிய காரணத்தைத் தேடுதலும் அதன் பகுதியே. தொற்றுக் காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, புதிய மாரடைப்பு, நாடிக் கோளாறு, சிறுநீரகப் பழுது ஆகியவற்றை மருத்துவர் சோதித்தறிவார். ஆனால் வீட்டிலிருந்தே விடை கிடைக்கும் காரணங்களும் உண்டு.

முதலாவது, விட்டுப்போன மாத்திரை. ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வரும் முதியவர், ஓடும் வண்டியில் அடிக்கடி கழிவறைக்குச் செல்ல அஞ்சி, நீரிறக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவது வியப்பன்று. நாணத்தால் அதனை மகனிடமோ மருமகளிடமோ சொல்வதுமில்லை. பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மாத்திரையின் வேளையை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். தாமாக நிறுத்துதல் கூடாது.

இரண்டாவது, இரட்டிப்பான மாத்திரை. ஒரே மருந்து பல கம்பெனிகளின் பெயரில் விற்கப்படுகிறது. ஊரில் வாங்கியதும் இங்கே எழுதித் தந்ததும் ஒரே மருந்தென்று அறியாமல் இரண்டையும் உண்பவர் உண்டு. மருந்துப் பட்டியலை வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் சேர்த்து எழுதி வைத்தல் இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது, மூட்டுவலி மாத்திரை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிச் சிறுநீரகத்தையும் வருத்தும். சாதாரண வலி மாத்திரைதானே என்று அவற்றை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. செவிலி தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டாலன்றி இது வெளிவராது.

நான்காவது, உப்பு. ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்படும் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை அனைத்தும் உப்பின் பெட்டகங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அறிவுரை. உப்புக்கு மாற்றாகக் கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த பொடியை மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது. இந்நோய்க்குரிய சில மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்கெனவே உயர்த்துவன. இளநீரை நாள்தோறும் பருகுவதற்கு முன்னும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

நம் மூதாட்டிக்கு வருவோம். செவிலி பையைத் திறந்து காட்டச் சொல்கிறார். முழங்கால் வலிக்கென்று பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக் பட்டை ஒன்று, பாதி தீர்ந்து கிடக்கிறது. மகன் ‘வாயு’ என்று நினைத்த வயிற்று உப்புசத்திற்கும் பசியின்மைக்கும், ஈரலிலும் குடலிலும் தேங்கிய நீரே காரணமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் வலுக்கிறது. இனி இரத்தச் சோதனையும் இ.சி.ஜி.யும் எக்கோவும் எதற்கென்று மருத்துவருக்குத் தெளிவாகச் சொல்ல முடியும்.

மொழியும் நாணமும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. பெற்றோரின் சொல்லைப் பிறமொழியில் எடுத்துச் சொல்பவர் நாமே. ‘மூச்சு முட்டுகிறது’ என்பதை ஹிந்தியில் ‘ஸாஸ் பூல்தீ ஹை’ என்றும், வீக்கத்தை ‘ஸூஜன்’ என்றும் சொன்னால் அங்குள்ள செவிலியர்க்கு விளங்கும். மலையாளச் செவிலியாயின் ‘சுவாசம் முட்டல்’ என்ற சொல்லே ஏறக்குறைய நம் சொல். ஆனால் இடர் சொற்களில் இல்லை, சுருக்குவதில் இருக்கிறது. தாய் ஐந்து வாக்கியம் சொல்ல, மகன் ‘காஸ் பிராப்ளம்’ என்று ஒன்றாக முடித்துவிட்டால், நோயின் வரலாறு அங்கேயே தொலைந்தது. சொன்னதைச் சொன்னவாறே மொழிபெயர்த்தலே முறை. நம் தீர்ப்பை இடையிற் கலத்தலாகாது.

மக்களுக்குச் செலவும் தொல்லையும் வைக்கக் கூடாதென்று துன்பத்தை மறைக்கும் பெற்றோர் பலர். இருமலை வாயைப் பொத்தி அடக்குவர். விடுப்பு எடுக்க வேண்டி வருமோ என்று மகளுக்காக அஞ்சுவர். எனவே செவிலி சிறிது நேரமேனும் நோயாளியைத் தனியே கண்டு பேச இடந்தர வேண்டும். சிகிச்சை எவ்வளவு தூரம் செல்ல வேண்டும், எதை அவர் விரும்புகிறார், எதை விரும்பவில்லை என்பதையும் அறிவு தெளிந்திருக்கும் காலத்திலேயே அவரிடம் கேட்டுக்கொள்ளுதல் அவருக்குச் செய்யும் மரியாதை.

வீட்டுக் குறிப்பேடு

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே வகையான உடையில், ஒரே கருவியில் எடை பார்த்து எழுதுக. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை; ஆதலின் மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த எடையன்று. அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனுடன் நாடி, இரத்த அழுத்தம், கால் வீக்கத்தின் உயரம், தலையணைகளின் எண்ணிக்கை, உண்ட மருந்து ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. வாந்தி, பேதி, கடுங்கோடையின் வியர்வை ஆகியவற்றால் எடை விரைந்து இறங்கினாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடலில் அம்மருந்துகளே தீங்கு செய்யும். ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் பருகலாம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதையும் அவரே சொல்லட்டும். இன்புளுயன்சா, நிமோனியாத் தடுப்பூசிகளைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஓய்வில் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயங்கி விழுதல், இளஞ்சிவப்பான நுரைச் சளி, நீலம் பாரித்த உதடு, திடீர் அறிவு மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிராமல் 108 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். மருந்துப் பட்டியலையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லக் கைக்கெட்டிய இடத்தில் ஒரே பையில் வைத்திருத்தல் நலம்.

இருதயத் தளர்ச்சிக்கு இன்று நல்ல மருந்துகள் பல உள்ளன. அவை ஆயுளை நீட்டுவதோடு, மாடியிறங்கவும் கோயிலுக்குச் செல்லவும் தெம்பைத் திருப்பித் தருகின்றன. ஆனால் உரிய நாளில் தொடங்கப்பட்டால்தான் அம்மருந்துகளின் முழுப் பயன் கிட்டும். அந்த நாளை முதலில் அறிபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பக்கத்து அறையில் இருப்பவர். இன்றிரவு நம் வீட்டு முதியவர் எங்கே, எத்தனை தலையணை வைத்து உறங்குகிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு நாம் உறங்கச் செல்வோமாக.